கவிழ்ந்த படகின் வேலி

ராயபுரத்தில் மரக்கடை வைத்திருந்த கோதண்டம், ஆட்களோடு கவிழ்ந்து கரை ஒதுங்கிய படகின் பலகைகளை அடிமாட்டு விலைக்கு வாங்கித் தன் வீட்டைச் சுற்றி வேலி போட்டிருந்தார். மீன்பிடிக்கிறவர்கள் அந்த மரத்தை விறகுக்குக்கூடத் தொடமாட்டார்கள்.

"செத்தவனா வந்து பலகையத் திருப்பிக் கேக்கப் போறான்?" என்றார் கோதண்டம்.

வெள்ளிக்கிழமை மகள் புஷ்பவல்லியைப் பெண் பார்க்க மாதவரத்திலிருந்து வருகிறார்கள். நல்ல இடம், விடக்கூடாது. வாசலைப் பார்த்ததுமே அவர்கள் மயங்க வேண்டும். பெயிண்டர் வேம்பு வேலியின் பழைய தாரைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்தான். மறுநாள் காலை முழங்கால் உயரத்துக்கு வேலி முழுக்க ஈரம். ஈரம் பட்ட இடத்தில் வார்னிஷே இல்லை. மழை பெய்யவில்லை. கடல் மூன்று தெரு தள்ளி.

"இன்னாடா, தண்ணி கலந்து அட்ச்சியா?"

"நாக்குல வச்சிப் பாரு மொதலாளி, உப்புக் கரிக்குது. நானா கலந்தேன்?"

மூன்று முறை அடித்தும் அதே கதைதான். வியாழக்கிழமை கோதண்டம் வேலியைப் பிடுங்கிச் செங்கல் சூளைக்கு அனுப்பிவிட்டார். வாசல் காய்ந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை வண்டியிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா, பேச்சை நிறுத்தாமலே வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காய்ந்த வாசலைக் கடந்தார். பின்னால் வந்த பெண்களும் புடவையைத் தூக்கிக்கொண்டார்கள். கூடத்தில் ஏறியதும் இறக்கிவிட்டார்கள்.

"பொண்ணு லட்சணமா கீது. தை மாசத்துல வச்சிக்கலாம்."

வழியனுப்பக் கோதண்டம் சிரித்த முகத்தோடு வாசலில் இறங்கினார். வெற்றிலைத் தட்டை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.