பாக்கி ஒரு சீட்டு

"படிச்சுப் பார்க்காம ஓட்டுச் சீட்டைப் போட்டவனுக்காக நீங்க ஏன் கண்ணீர் விடறீங்க, கனம் நீதிபதி அவர்களே?"

வக்கீல் லெமுவேல் ப்ராட் கோட்டின் இரு நுனிகளையும் பிடித்துக்கொண்டு கேட்டார். கோர்ட்டில் நின்ற அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அதுதானே அவருக்கு வேண்டும்!

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக்கு அவர் செய்த பொதுச்சேவை கொஞ்சநஞ்சமல்ல. இருபது வருஷத்தில் ஆறு தேர்தல். ஆறிலும், "நீங்க வீட்டிலேயே இருங்க" என்று மக்கள் அன்போடு சொல்லிவிட்டார்கள். கொள்கைக்காக மூன்று தடவை கட்சி மாறினார். எந்தக் கொள்கை என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. இது ஏழாவது தேர்தல். இதுவும் போனால் கட்சிக்காரன் ஒருவனும் இனி அவர் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

இந்தத் தடவை விதி கொஞ்சம் இரங்கியிருந்தது. அவருக்கு நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. எதிர்த்து நின்ற மாவுமில்காரர் ஆசா விக்கருக்கும் அதே நானூற்றுப் பன்னிரண்டு. பாக்கி ஒரே ஒரு சீட்டு. அதில் மேலே ஒரு கட்சியின் சின்னம், கீழே அடுத்த கட்சிக்காரரின் பெயர்! குமாஸ்தா ஹூபர்ட் அதை யாருக்கும் காட்டாமல் உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்.

ப்ராட்டுக்கா தெரியாது? விக்கர் கட்சியின் சேவல் சின்னத்தை மேலே போட்டு, கீழே தன் பெயரை அச்சடித்து, விக்கரின் ஆட்களிடமே நைசாக நீட்டச் சொன்னவர் அவர்தானே! கட்சிகளே சீட்டு அடித்துக் கொடுக்கிற ஊரில் இதெல்லாம் ஒரு பாவமா?

"எழுதப் படிக்கத் தெரியாத ஆளா இருப்பான்யா, பாவம்," என்றார் நீதிபதி டில்சன். "சின்னத்தைப் பார்த்துத்தானே போட்டிருப்பான்? சின்னத்துக்கே கணக்கு வச்சா என்ன?"

"கூடவே கூடாது! சட்டம் பெயரைத்தான் பார்க்கும். சட்டசபைக்குச் சேவலா போகப் போகுது?"

கோர்ட்டே சிரித்தது.

"விக்கர், நீங்க என்ன சொல்றீங்க?"

விக்கர் தொப்பியைக் கையில் சுழற்றினார். "நான் மாவு அரைக்கிறவனுங்க. வக்கீலய்யா படிச்சவரு. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அடிமுட்டாள்! ப்ராட்டுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

"சரி, பெயருக்குத்தான் ஓட்டு. எழுதிட்டேன், இனி மாத்த முடியாது. உறையைப் பிரிங்க."

ஹூபர்ட் அரக்கை உடைத்தார். "மேலே கழுகுச் சின்னம். கீழே பேரு... ஆசா விக்கர்."

கழுகு ப்ராட்டின் கட்சிச் சின்னம். அடப்பாவி, இவனும் அச்சடித்திருக்கிறானா! ப்ராட்டின் முகம் பேயறைந்தது போலாயிற்று.

"எந்தக் கழுதைய்யா இதைப் போட்டது?" என்று கத்தினார். "என் கட்சிக்காரனே என்னைக் கவுத்துட்டானே! சீட்டு முதுகுல நம்பர் எழுதுவீங்கல்ல? ரிஜிஸ்டரைப் பார்த்து ஆளைச் சொல்லுய்யா! அவனை நான் சும்மா விடமாட்டேன்!"

ஹூபர்ட் ரிஜிஸ்டரைத் தொடக்கூட இல்லை.

"நம்பர் ஒண்ணுங்க," என்றார் தயக்கமாக. "அன்னிக்குக் கதவைத் திறந்ததும் பேண்டு வாத்தியத்தோட வந்து முதல் சீட்டைப் போட்டது நீங்கதானுங்களே!"