தொபுக்கடீர்ப் பாட்டு

ஒரு காட்டில் ராக் இசைக்குழு ஒன்று இருந்தது. கழுதை பாடும், கரடி பாறைமேல் உட்கார்ந்து டிரம்ஸ் அடிக்கும். மழையைப் பற்றிக் கழுதை சாதுவான ஒரு பாட்டுக் கட்டியிருந்தது. அதை முதல்முறை பாடியபோது, இரண்டாவது சரணத்தில் தாளம் தலைக்கேறிய கரடி தொபுக்கடீரென்று கீழே விழுந்தது. அதுவும் பாட்டில் சேர்த்திதான் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. விசில் பறந்தது.

அதன்பிறகு, தான் விழாமல் எந்தக் கச்சேரியையும் கரடி முடிக்க விடவில்லை.

"வேண்டாம்டா தம்பி," என்றது கழுதை.

"ரசிகருங்க ஆசைப்படறாங்கண்ணே," என்று கரடி ஊருக்கு ஊர் இன்னும் உயரமான பாறையாகப் பார்த்து ஏறியது.

ஒருநாள் விழுந்த கரடி எழுந்திருக்கவில்லை. கழுதை பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, "ஐயோ தம்பி! கண்ணைத் திறடா!" என்று அலறிக்கொண்டு ஓடியது. கைதட்டலில் காடே அதிர்ந்தது. கரடி கண்ணைத் திறக்கவே இல்லை.

அடுத்த கச்சேரியில், செத்துப்போன தம்பிக்காக டிரம்ஸ் இல்லாமலே கழுதை அந்தப் பாட்டைப் பாடியது. இரண்டாவது சரணம் வந்தது. கரடி விழும் இடத்தில் கழுதை பாட்டை ஒரு நொடி நிறுத்தியது.

கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று, தாளம் தப்பாமல் அலறியது:

"ஐயோ தம்பி! கண்ணைத் திறடா!"