ஃப்ரிட்ஜைத் திறக்காதே

மார்ச்சில் காய்ச்சி, கோடை முழுக்கக் குளிரில் கிடத்தி, இலையுதிர் காலத்தில் குடிக்கிற பீர் அது. பீப்பாயை வைத்ததும் தெற்கு ஜெர்மனியின் பவேரியக்காரர் கொர்பீனியனின் ஃப்ரிட்ஜ் நிறைந்துவிட்டது.

“வெண்ணெயை எங்க வைக்கிறதாம்?” என்றாள் மனைவி சென்ஸி.

“பக்கத்து வீட்டு ஹூபர்ட்டோட ஃப்ரிட்ஜ் காலியாத்தானே கிடக்கு? தனிக்கட்டை. அங்க வை. இந்தக் கதவை மட்டும் திறக்காதே. போன வருஷம் நீ திறந்து திறந்துதான் எல்லாம் நாசமாப்போச்சு.”

“ஒண்ணு இந்த வீட்டுல பீர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

“ரெண்டு பேரும் இருங்க. கதவைத் திறக்காதே.”

செப்டம்பர் கடைசியில் அவரே திறந்தார். செம்பொன் நிறம், துளிக் கலங்கல் இல்லை.

“சென்ஸி!” என்று கத்தினார்.

கொஞ்சம் தாமதமாக, செருப்போடு வந்தாள். ஒரு குவளையை ஒரே மூச்சில் குடித்தாள்.

“மாதா சத்தியமா சொல்றேன், நீ இப்படி ஒண்ணு காய்ச்சினதே இல்ல.”

கொர்பீனியனுக்குக் கண் கலங்கிவிட்டது. “இனி ஃப்ரிட்ஜ் உனக்குத்தான். போய் வெண்ணெயை எடுத்துட்டு வா.”

“அது அங்கேயே இருக்கட்டும். ஜூன்லேர்ந்து நானும் அங்கதான் இருக்கேன்.”

கொர்பீனியன் குவளையைக் கீழே வைத்தார். ஃப்ரிட்ஜ் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“அதானே பார்த்தேன்,” என்றார், “இந்தத் தடவை மட்டும் எப்படி இவ்வளவு நல்லா வந்துச்சுன்னு!”