நாலாம் நம்பருக்கு விசா

கோப்பை ஜெயித்த சந்தோஷம் முபாரக்குக்குப் பதினைந்து நிமிடம்தான் நீடித்தது.

திருத்துறைப்பூண்டியில் ஒரு தனியார் கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ், லாமினேஷன் கடை வைத்திருப்பவர் முபாரக். படித்தது பத்தாவது. ஆனாலும் அந்தக் கல்லூரியின் கால்பந்து அணிக்கு அவர்தான் மேனேஜர், ரசிகர் மன்றத் தலைவர், தோற்றால் திட்டு வாங்குபவரும் அவரேதான். இந்த வருடம் மன்னார்குடியில் நடந்த இறுதி ஆட்டத்தில் நன்னிலம் கல்லூரி அணியை ஒரே கோலில் சாய்த்தாகிவிட்டது. பதில் கோல் விழாமல் காத்தவன் பின்வரிசையில் நின்ற நாலாம் நம்பர். நன்னிலத்தின் ஆறாம் நம்பரும் லேசுப்பட்டவன் இல்லை; அவன் இல்லாவிட்டால் இன்னும் நாலு கோல் விழுந்திருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்கள். ஆகா, விளையாட்டு வீரர்களுக்கே உரிய பண்பு என்று கூட்டம் கைதட்டியது.

அப்போதுதான் மீரா உசேன் மைக்கைப் பிடித்தார். துபாயில் இரண்டு சூப்பர் மார்க்கெட்டும், அதற்கென்று ஒரு கால்பந்து அணியும் வைத்திருப்பவர். கோப்பை அவர் உபயம்.

"சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு வழக்கமா சுவர்க் கடிகாரம் குடுப்போம். இந்த வருஷம் என் கம்பெனியில வேலை, விசா, டிக்கெட்! பேரைக் கூப்பிட்டதும் பையன் காலேஜ் கார்டோட மேடைக்கு வரணும். பிரின்சிபால் ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க, பார்த்துச் சொல்லுவாங்க. யாருக்குக் குடுக்கலாம்னு ரசிகர்களே பேசி முடிவு பண்ணுங்க. அரை மணி நேரம் டைம்!"

மைதானம் விசிலில் அதிர்ந்தது. முபாரக்கின் கண் பின் கேட்டைத் தேடியது.

நாலாம் நம்பரின் கார்டில் உள்ள பெயர் அரவிந்தன், பி.காம். இரண்டாம் ஆண்டு. அசல் அரவிந்தனுக்குப் பந்தைக் கண்டாலே காய்ச்சல் வரும். கார்டில் சிரிக்கும் முகமோ மருதையனுடையது. தை அறுவடைக்கு மெஷின் ஓட்ட ஆத்தூர் பக்கமிருந்து வந்தவன். வயது இருபத்தெட்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். படத்தை மாற்றி ஒட்டி லாமினேட் செய்தது முபாரக்கின் சொந்தக் கை. விஷயம் வெளியே வந்தால் கோப்பை போகும், கடை போகும், அவரும் கம்பி எண்ணப் போவார். வீட்டில் மனைவி ஆயிஷாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஓடிப் போய் மருதையனைப் பிடித்தார். "ஜெர்சியைக்கூடக் கழட்டாத. பின் கேட் வழியா கிளம்பு."

"விசான்னாங்களே பாய்?"

"விசா அரவிந்தனுக்குடா, உனக்கில்ல!"

ஆள் போனால் மட்டும் போதாது. பெயரைக் கூப்பிட்டு யாரும் வராவிட்டால் பிரின்சிபால் தோண்டித் துருவுவார். ஆகவே அந்தப் பெயரையே கூப்பிடவிடக் கூடாது.

டீக்கடை வாசலில் இரு ஊர் ரசிகர்களும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். முபாரக் நடுவில் புகுந்தார்.

"நியாயமா பேசணும். நன்னிலத்து ஆறாம் நம்பருக்குத்தான் தரணும். எங்க நாலாம் நம்பருக்கு இடது கால் இருக்கறதே பந்து பட்டாத்தான் தெரியும்."

அவர் அணி ரசிகர்கள் வாயைப் பிளந்தார்கள். "பாய், நீங்க எந்த ஊரு?" என்றான் ஒருவன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீரையன் வந்தார். நன்னிலத்தில் உரக்கடை வைத்திருப்பவர், அந்த அணிக்கு எல்லாமே அவர்தான்.

"பாய் பெரிய மனசுல சொல்றாங்க. எங்க ஆறாம் நம்பருக்குத் தலையால முட்டவே தெரியாது. நாலாம் நம்பருக்குத்தான் தரணும். தம்பி பேரு அரவிந்தன்தானே?"

'தானே' என்று இழுத்த இழுப்பில் முபாரக்குக்கு உயிர் போய் வந்தது. இவருக்குத் தெரிந்துவிட்டது. தோற்ற கோப்பையை மேடையில் வைத்துப் பிடுங்கப் பார்க்கிறார்.

"தம்பி எங்க பாய்? கூப்பிடுங்க, பிரின்சிபால் முன்னாடி நிறுத்திடுவோம்" என்றார் வீரையன், கழுத்தைத் துண்டால் துடைத்தபடி. தை மாதக் குளிரில் அந்த மனிதருக்கு வெறியில் வியர்த்திருந்தது.

முபாரக் அவரை ஓரமாக இழுத்தார். "அண்ணே, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"நியாயம் வேணும் பாய்."

அரை மணி நேரமும் இதே கதைதான். முபாரக் ஆறாம் நம்பரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். வீரையன் நாலாம் நம்பரை விடுவதாக இல்லை. தன் ஆள் தண்டம் என்று சத்தியம் செய்வதில் ஒருவரையொருவர் மிஞ்சினார்கள்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மீரா உசேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

"இருபது வருஷமா உலகம் சுத்துறேன். எதிர் அணிக்காரனுக்குப் பரிசு குடுன்னு அடம் பிடிக்கிற ரெண்டு மனுஷங்களை இங்கதான் பாக்குறேன். அதனால ரெண்டு விசா! நாலாம் நம்பர் அரவிந்தன், ஆறாம் நம்பர் அன்பழகன், ரெண்டு பேரும் கார்டோட மேடைக்கு வாங்கப்பா!"

கைதட்டல் அடங்கியது. யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். பிரின்சிபால்கள் இருவரும் எழுந்து நின்று கூட்டத்தைத் தேடினார்கள். முபாரக்குக்குக் கால் நடுங்கியது. பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினால் அகப்பட்டது வீரையனின் தோள். அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பாய்," என்றார் வீரையன் மெல்ல, "உங்க ஆளும் போயாச்சா?"

மைதானத்துக்குப் பின்னால் ரோட்டில் ஒரு அறுவடை மெஷின் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது; ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் முதுகில் நாலாம் நம்பர், பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றவன் முதுகில் ஆறாம் நம்பர்.