இரவல் செருப்பு

உள்ளே நாலு எட்டு வைத்த பிறகுதான் பாதத்தில் தரையின் குளிர் ஏறியது.

குனிந்து பார்த்தாள். வெறுங்கால்.

வாசலைக் கண்டதும் கால் தானாகக் கழற்றி விட்டிருக்கிறது.

மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் நரைத்த முடியோடு ஓர் அம்மையார்.

"செல்லக்கனி, செருப்பு எங்கம்மா?"

"வெளிய கிடக்கு, மேடம்."

"இது கோயில் இல்லம்மா."

"ஆமா, மேடம்."

இடப்பக்கம் இருந்தவர் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டினார். ஒன்பது வருடம். மலைக்கோயில் அடிவாரம். செருப்புப் பாதுகாக்கும் இடம். அவர் புருவம் ஏறி இறங்கியது.

துப்பறியும் பிரிவுக்கு ஆட்களை நேரடியாக எடுக்கிறார்கள். காவலராகச் சேர்ந்து படிப்படியாக ஏற வேண்டியதில்லை. எந்த வேலையில் இருந்தவரும் வரலாம், பார்க்கத் தெரிந்தால் போதும் என்றது விளம்பரம். அதை நம்பித்தான் எழுதினாள். எழுத்துத் தேர்வில் தேறி, இன்று நேர்முகத் தேர்வு வரை வந்தும் விட்டாள்.

அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் இன்னொன்று இல்லை.

"செருப்பு காக்கிறவளுக்குப் போலீசு உத்தியோகம் கேக்குதாக்கும்?" என்று சிரித்தாள் பூக்கடை மாரித்தங்கம். சிரித்தவள்தான் இன்று விடியற்காலையில் பஸ் நிறுத்தம் வரை ஓடிவந்து, தலையில் ஒரு முழம் பிச்சி வைத்துவிட்டுப் போனாள்.

அம்மையார் பேனாவைத் திறந்தார்.

"நீங்க காத்திருந்த ஹாலுக்கு ஒருத்தர் வந்தார். மணி கேட்டார். போயிட்டார். அவர நாங்கதான் அனுப்பினோம். அடையாளம் சொல்லுங்க."



வந்தார். அவளிடம்தான் மணி கேட்டார். ஆனால் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சட்டை என்ன நிறம்?"

"தெரியல, மேடம்."

"வயசு?"

"தெரியல."

"மீசை உண்டா, இல்லையா? அதையாவது சொல்லுங்க."

அவள் தலை குனிந்தாள். முருகா, இவ்வளவு தூரம் கூட்டிவந்தது இதற்குத்தானா?

இடப்பக்கத்தவர் விண்ணப்பத்தை மூடினார்.

குனிந்த கண்ணுக்கு அவளுடைய பாதங்களே தெரிந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கால் தெரியும், மேடம்."

பேனா நின்றது.

"நாள் முழுக்க ஷூ போடுறவரு. கணுக்கால்ல சாக்ஸ் ரப்பர் தடம் இன்னும் மறையல. இன்னிக்குக் காலைலதான் கழட்டியிருக்காரு. போட்டிருந்த தோல் செருப்பு அவரோடது இல்ல. பெருவிரல் தடம் ஓரிடத்துல பதிஞ்சிருக்கு, அவர் விரல் வேற இடத்துல நிக்குது. ஒரு சைஸ் சின்னது."

"அப்ப, திருடினதோ?" மூடிய விண்ணப்பத்தின் மேல் கை வைத்தபடி கேட்டார் இடப்பக்கத்தவர்.

"இல்ல சார். திருடுறவன் தனக்குச் சேர்றதாப் பார்த்து எடுப்பான். மாறிப் போட்டவங்க நாலு எட்டுல நின்னு குனிஞ்சு பார்ப்பாங்க. இவரு கடிக்குதுன்னு தெரிஞ்சும் கழட்டாம நடந்தாரு. யாரோ மேல உள்ளவங்க போடச் சொல்லியிருக்காங்க."

வலப்பக்கம் இருந்தவர் பருத்த அதிகாரி. இப்போது மேசைக்கடியில் மெல்லக் கால்களை இழுத்துக்கொண்டார்.

அவருக்கும் வெறுங்கால்.

அம்மையார் அதைப் பார்த்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் அப்பவே சொன்னேன் மேடம், அவருக்குப் பத்தாதுன்னு" என்றார் பருத்தவர்.

சிரிப்பு அடங்கியதும் அம்மையார் கண்ணைத் துடைத்தார்.

"கடிக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"விரலிடுக்குல வார் அறுத்து ரத்தம் கசிஞ்சிருந்துச்சு, மேடம். துடைச்சு பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். மலையேறி வர்றவங்களுக்குன்னு எப்பவும் பையில வச்சிருப்பேன்."

சற்று யோசித்து, தப்பை ஒப்புக்கொள்வதுபோலச் சேர்த்துக்கொண்டாள்.

"அதான் முகத்தப் பார்க்க விட்டுப்போச்சு."



காலையிலிருந்து முப்பத்தாறு பேர் வந்து போயிருந்தார்கள். சட்டையின் நிறத்தைச் சொன்னார்கள். மீசையைச் சொன்னார்கள். ஒருவர் சட்டையில் எத்தனை பொத்தான் என்பதுவரை சொன்னார். அவர் நொண்டினார் என்றும் நாலு பேர் சொன்னார்கள். ஏன் என்று ஒருவரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

இடப்பக்கத்தவர் விண்ணப்பத்தை மறுபடி திறந்தார்.

அம்மையார் மணியை அழுத்தினார். வாசலில் நின்ற காவலர் உள்ளே வந்தார். விரலிடுக்கில் பிளாஸ்டர். அம்மையார் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் விறைப்பாகத் தலையசைத்து வெளியேறினார்.

"முடிவு தபால்ல வரும். போயிட்டு வாங்க, செல்லக்கனி."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

செருப்பைக் காணோம்.

கழற்றிய இடம் இதுதான். இங்கேயேதான். ஆயிரம் பேர் செருப்பைக் காத்தவள், தன் செருப்பைத் தொலைத்துவிட்டு நின்றாள். ஊருக்குப் போனால் மாரித்தங்கத்துக்கு ஒரு வருடச் சிரிப்பு.

"இங்க இருக்கு."

காவலர் தன் நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்துவந்தார். அவள் முன்னால் குனிந்து வைத்தார். முதியவர்களுக்கு அவள் வைப்பாளே, அதுபோல. ஜோடியாக, குதிகால் அவள் பக்கம் இருக்க, நுழைத்தால் நடக்கலாம் என்பதுபோல.

காலையில் "ஏம்மா, மணி என்னாச்சு?" என்று கேட்ட அதே குரல்.

"போட்டுக்கோங்க, மேடம்."

அவள் நுழைத்த கால் பாதியில் நின்றது.

காவலர் நிமிர்ந்து, கடிக்கும் செருப்போடு குதிகால்களைச் சேர்த்து நின்றார்.

அவள் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

மீசை இருந்தது.