ஜிபெக்கின் முதல் அடி

ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த பக்கத்து வீட்டுச் சிறுமி கத்தியை வாங்கி, என் மகள் ஜிபெக்கின் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டியிருந்த கறுப்பு வெள்ளை நூலை அறுத்தாள்.

ஓடி ஜெயித்த பிள்ளை கட்டை அறுத்தால் குழந்தை நடக்கும். எங்கள் வழக்கம்.

ஜிபெக் நடந்தாள்.

விரித்திருந்த வெள்ளைத் துணியின் மறுமுனையில் நான் கைகளை நீட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தேன். என்னை நோக்கி நாலு எட்டு வைத்தாள். யாரோ வீசிய மிட்டாய் ஒன்று வழியில் கிடந்தது. குந்தி உட்கார்ந்து அதை எடுத்தாள். எழுந்தாள். திரும்பிப் போய் அத்தை துர்சுனாயின் வாயில் ஊட்டினாள்.

முற்றமே கைதட்டியது.

"பாத்தியா குல்சாத்! நீ வரட்டும்னு முதல் அடியை வைக்காம காத்துட்டிருந்திருக்கா பாரு, கள்ளி!" என்றாள் துர்சுனாய், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. அவள் என் கணவரின் அக்கா. நான் வேலைக்காக நகரத்துக்குப் போனதிலிருந்து ஜிபெக் அவளிடம்தான் வளர்கிறாள்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

யாரிடம் கதை விடுகிறாள்?

தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில், நடை பழகுகிற பிள்ளைகளின் அறைதான் என் வேலை. முதல் அடி வைக்கிற குழந்தை எப்படி இருக்கும் என்று என்னிடம் கேளுங்கள். இரண்டு கைகளும் தோளுக்கு மேலே இருக்கும். கால்கள் அகன்று, வயிறு முன்னால் தள்ளியிருக்கும். அதற்கு நிற்கத் தெரியாது. நிற்க வேண்டுமென்றால் பொத்தென்று விழ வேண்டும். திரும்புவதற்கும் அதே வழிதான். நடுவழியில் குந்தி மிட்டாய் பொறுக்குகிற வித்தையெல்லாம் கைவர இரண்டு மாதமாவது ஆகும்.

என் மகளின் கைகள் இரண்டும் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. குதிகாலை முதலில் ஊன்றி, கடைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள்.

நெஞ்சில் வைத்த அந்தக் கையும் எனக்குப் புதிதில்லை. காப்பகத்தில் ஒரு குழந்தை முதல் அடி வைத்துவிட்டால் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். அதை முதலில் பார்க்கிற உரிமை பெற்றவளுக்கு. மறுநாள் காலை அவள் முகமெல்லாம் பல்லாக, "நேத்து நடந்துட்டா!" என்று ஓடி வருவாள். நாங்கள் நெஞ்சில் கையை வைத்து, "ஐயோ, அப்படியா!" என்போம். இந்த நடிப்பில் துர்சுனாய் என் கால் தூசுக்குப் பெறமாட்டாள்.

ஆனால் நாங்கள் நடிப்பது அம்மாக்களுக்காக.

எங்கள் காப்பகத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளை மட்டும் நடக்க ஆரம்பித்த பிறகுதான் சேர்ப்பார்கள். "நடந்ததும் சொல்லுங்க அண்ணி, அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று கோடை முழுக்க ஃபோனில் கெஞ்சினேன். "எங்கடி, இன்னும் தவழ்ந்துட்டுத்தான் இருக்கா" என்றே பதில் வந்தது. செப்டம்பரோடு சேர்க்கை முடிந்தது. அக்டோபர் பிறந்ததும் அவளே கூப்பிட்டாள். "நிக்கப் பாக்கறாடி, வா, நூலை அறுத்துடலாம்." இனி அடுத்த செப்டம்பர்வரை இடமில்லை. அதுவரை குழந்தை அவளுக்கு.

பிள்ளை இல்லாதவள். எனக்கும் தெரியும். ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கும் என் கணவர்கூட, "அக்காகிட்டயே வளரட்டுமே, நம்மள்ல இல்லாத வழக்கமா?" என்று இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தார். பாவம்தான் அவள். அதற்காக என் குழந்தையையா?

எழுந்தேன்.

"எத்தனை நாளா நடக்கறா, அண்ணி?"

கைதட்டல் நின்றது. பொரித்த போர்சோக் ரொட்டியைத் தட்டில் கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள்.

துர்சுனாயின் கை நெஞ்சிலிருந்து இறங்கியது. "இங்க அவளுக்கு என்னடி குறை?" என்றாள். குரல் உடைந்தது. "நாள் முழுக்க ஊரார் பிள்ளைங்க மூக்கைத் துடைக்கிறவளுக்கு இவ எதுக்கு?"

நின்று பதில் சொன்னால் அழுதுவிடுவேன். ஜிபெக்கைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். நகரத்து வேன் கடைத்தெருவில் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும்.

நாளைக்குக் காலையில் இவளை என் அறையிலேயே, மற்ற பிள்ளைகளுக்கு நடுவில் விடுவேன். நிர்வாகியம்மா வந்து வெளியே தூக்கிப் போடட்டும், பார்க்கலாம். வேலை போனால் போகட்டும்.

பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். "விருந்து நாள்ல கோவம் வேணாம்மா. ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

"வந்தவங்களுக்குப் போடுங்க ஐயா. என்னோடதை நான் எடுத்துட்டேன்."

வாசலைத் தாண்டியதும் ஜிபெக்குக்குப் புரிந்துவிட்டது. என் தோளுக்கு மேல் எம்பி, பின்னால் கைகளை நீட்டி வீறிட்டாள்.

"அம்மா! அம்மா!"

என்னை இல்லை.

வலித்தது. நான் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. காப்பகத்தில் என்னையும்தான் அறை முழுக்கப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுகிறார்கள். சாயங்காலம் ஒவ்வொன்றையும் கழுத்திலிருந்து பிய்த்தெடுத்து, அதனதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் நான் கோட்டு மாட்டிக் கிளம்புகிறேன்.