செவலையின் பச்சை எலும்பு

செவலை நாய்க்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. படுத்தால் எழ வேண்டும், எழுந்தால் வேலியோரம் ஓட வேண்டும். கறிக்கடைக் கூரையில் இருந்த காக்கைக்கே அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

"வெந்த எலும்பு ஆகாதுடா. பச்சை எலும்பா ஒண்ணு கடிச்சுத் தின்னு, வயிறு கட்டிடும்," என்றது காக்கை.

மத்தியானமே கடைக்காரர் ஓர் எலும்பை வீசினார். சதை ஒட்டிய பச்சை எலும்பு. செவலை அதைக் கவ்விக்கொண்டது, ஆனால் கடிக்கவில்லை. இன்றைக்கே தின்று தீர்த்துவிட்டால், நாளைக்கு இதைவிட மோசமானால் எங்கே போவது? முருங்கை மரத்தடியில் குழி பறித்துப் புதைத்தது.

அதோடு இருந்த நிம்மதியும் போயிற்று. நாலு எட்டு நடக்கும், திரும்பி வந்து தோண்டிப் பார்க்கும், மூடும். தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு பூனை வேறு வந்து உட்கார்ந்துகொண்டது.

"இன்னுமா தின்னலை?" என்று கத்தியது காக்கை.

"இருக்குக்கா, பத்திரமா இருக்கு."

வயிறு முறுக்கியது. செவலை வேலிக்கு ஓட எழுந்தது. பூனையும் எழுந்தது. செவலை சட்டென்று உட்கார்ந்தது. பூனையும் உட்கார்ந்தது. மூன்றாம் தரம் செவலையால் அடக்க முடியவில்லை. எலும்பைப் புதைத்த இடத்தின் மேலேயே போய்விட்டது.

பூனை முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கிப் போனது.

"பாத்தியாக்கா!" செவலை வாலை ஆட்டியது. "இனிமே ஒருத்தரும் அதைத் தொட மாட்டாங்க."